மூன்றேகால் மணி நேரமும் எழுதாமல் விட்ட கடைசிக் கேள்வியும்

கேள்வி: திருச்சியில் பி.காம். முடித்துவிட்டுச் சிங்கப்பூருக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பாய லேபாரில் உள்ள ஒரு சிறிய கணக்காய்வு நிறுவனத்தில் சீனியராக வேலை பார்க்கிறேன், குடியிருப்பது உட்லண்ட்ஸில். ஏசிசிஏ என்ற பன்னாட்டுக் கணக்காளர் தேர்வின் மேல்நிலையில் முதல் தாளை 2023இல் தேறினேன். இப்போது ‘அட்வான்ஸ்ட் ஆடிட் அண்ட் அஷ்யூரன்ஸ்’ என்ற ஒரு தாள்தான் மிச்சம். முதல் முறை 44, இரண்டாம் முறை 47 வாங்கினேன். இரண்டு தடவையும் கடைசிக் கேள்விக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது. வேகமாக எழுத என்ன செய்ய வேண்டும்? மாதிரி விடைகளை மனப்பாடம் செய்யலாமா? பள்ளிப்படிப்பு தமிழ் வழியில் என்பதால் என் ஆங்கிலம்தான் குறையோ என்ற சந்தேகமும் இருக்கிறது. வரும் ஜூன் மாதமே மீண்டும் எழுதலாமா? வீட்டில் நேரம் குறித்து எழுதிப் பார்த்த ஒரு முழு விடைத்தாளை இணைத்திருக்கிறேன்.

பதில்: சகோதரிக்கு வணக்கம். கடிதத்தைவிட அதனுடன் வந்த விடைத்தாளைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். ஒவ்வொரு கேள்வியையும் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் ஓரத்தில் உள்ளபடியே குறித்திருக்கிறீர்கள். என் வேலையில் பாதியை அந்தக் குறிப்பே செய்துவிட்டது. ‘ஏ’ பிரிவின் ஒரே கேள்விக்கு 126 நிமிடம், ‘பி’ பிரிவின் முதல் கேள்விக்கு 52 நிமிடம், இரண்டாவது கேள்விக்கு 17 நிமிடம் செலவாகியிருக்கிறது. அந்த 126 நிமிடத்தில் நீங்கள் தட்டச்சு செய்திருப்பது ஏறக்குறைய 2,300 சொற்கள். கை மெதுவாக உள்ளவரால் அவ்வளவு எழுத முடியாது. ஆகவே, வேகத்தைக் கூட்டுவது எப்படி என்ற கேள்வியை இப்போதே எடுத்து வைத்துவிடுவோம். மதிப்பெண் கிடைக்காத வரிகளில் உங்கள் நேரம் போகிறது. எங்கே போகிறது என்பதைக் காட்டுவதுதான் இந்தப் பதிலின் வேலை.

முதலில் கணக்கு. தேர்வு நேரம் 3 மணி 15 நிமிடம், அதாவது 195 நிமிடம். நூறு மதிப்பெண்ணில் 20 தொழில்முறைத் திறன்களுக்கு உரியவை. ‘ஏ’ பிரிவில் 10, ‘பி’ பிரிவின் இரண்டு கேள்விகளுக்கும் ஐந்து ஐந்து. இந்த இருபதுக்காக நீங்கள் தனியாக ஒரு வரியும் எழுதப்போவதில்லை. விடையை ஒழுங்குபடுத்திய விதம், கம்பெனி சொன்னதை அப்படியே நம்பாமல் சந்தேகத்தோடு பார்த்த பார்வை, எது பெரிய அபாயம், எது சிறியது என்று தரம் பிரித்த தீர்ப்பு ஆகியவற்றுக்காக அவை வந்து சேரும். ஆகவே 195 நிமிடத்தை மற்ற 80 மதிப்பெண்ணுக்கு மட்டும் பங்கிட வேண்டும். ஒரு மதிப்பெண்ணுக்கு ஏறத்தாழ 2.4 நிமிடம் வருகிறது. கேள்வியைப் படிப்பதும் யோசிப்பதும் இதற்குள் அடக்கம். ‘ஏ’ பிரிவின் 40 மதிப்பெண்ணுக்கு 97 நிமிடமும், ‘பி’ பிரிவில் ஒவ்வொரு கேள்வியின் 20 மதிப்பெண்ணுக்கும் 48 நிமிடத்துக்குச் சற்று மேலும் கிடைக்கும். நீங்கள் முதல் கேள்வியில் கூடுதலாக எடுத்துக்கொண்ட 29 நிமிடத்தைக் கடைசிக் கேள்வியிலிருந்து எடுத்தீர்கள் என்பது உங்கள் குறிப்பிலேயே தெரிகிறது.

அந்த 29 நிமிடத்தில் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே உட்கேள்வியில் போயிருக்கிறது. நிதியறிக்கையில் பிழை நேரக்கூடிய முக்கிய அபாயங்களை மதிப்பிட்டு முன்னுரிமைப்படுத்துமாறு கேட்ட, 14 மதிப்பெண்ணுக்கு உரிய பகுதி அது. அதற்கு 34 நிமிடம் போதும். நீங்கள் எடுத்துக்கொண்டது 61. அதில் ஒரு பத்தியை மட்டும் உங்களோடு உட்கார்ந்து பார்ப்பதுபோல் பார்க்கிறேன்.

கேள்வியில் வரும் கம்பெனி உணவகங்களுக்கான சமையலறை இயந்திரங்களைச் செய்து, இரண்டு ஆண்டு இலவச வாரண்டியோடு விற்கிறது. வாரண்டிச் செலவுக்கான ஒதுக்கீடு சென்ற ஆண்டு 2.4 மில்லியன் வெள்ளி (டாலர்), இந்த ஆண்டு 1.5 மில்லியன் வெள்ளி. விற்பனை 12 விழுக்காடு உயர்ந்திருக்கிறது. வரிக்கு முந்தைய இலாபம் 10 மில்லியன். புதிய மோட்டார் அடிக்கடி பழுதாகிறது என்று வாடிக்கையாளர்கள் புகார் செய்ததாக ஒரு வரி இருக்கிறது. இயக்குநர்களின் போனஸ் இலாபத்தைப் பொறுத்தது என்பது வேறொரு பக்கத்தில், வேறு ஏதோ செய்தியின் நடுவே சொல்லப்பட்டிருக்கிறது.

நீங்கள் இதற்குப் பதினோரு வரி எழுதியிருக்கிறீர்கள். முதல் ஏழு வரிகளில், ஒதுக்கீடுகளுக்கான பன்னாட்டுக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 37 முழுமையாக வந்துவிடுகிறது: கடந்த நிகழ்விலிருந்து எழுந்த கடமை இருக்க வேண்டும், பணம் வெளியேறும் வாய்ப்பு, வெளியேறாத வாய்ப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும், தொகையை நம்பகமாக மதிப்பிட முடிய வேண்டும். எல்லாம் சரி, ஒரு சொல்கூடப் பிழை இல்லை. அடுத்து, வாரண்டி என்பது மதிப்பீட்டைச் சார்ந்தது என்று இரண்டு வரி. கடைசி இரண்டு வரிகளில், ‘ஆகவே ஒதுக்கீடு தவறாக இருக்கும் அபாயம் உண்டு’ என்று முடித்துவிட்டீர்கள். திருத்துபவர் இதைப் படித்தபின், குறைவாகக் காட்டினார்களா, கூடுதலாகக் காட்டினார்களா, எவ்வளவு, ஏன் சந்தேகப்பட வேண்டும் என்ற கேள்விகளோடுதான் எழுந்துபோவார். வாரண்டி கொடுக்கும் எந்தக் கம்பெனிக்கும் இந்தப் பதினோரு வரியைப் பொருத்திவிடலாம் என்பதுதான் இதன் குறை.

இதே இடத்தில் நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘விற்பனை 12 விழுக்காடு கூடியும் வாரண்டி ஒதுக்கீடு 37.5 விழுக்காடு குறைந்திருக்கிறது. விற்பனைக்கு ஏற்ப அது உயர்ந்திருந்தால் சுமார் 2.7 மில்லியனாக இருந்திருக்கும், 1.2 மில்லியன் குறைகிறது. இது நாம் நிர்ணயித்த அரை மில்லியன் மெட்டீரியாலிட்டியின் (பிழையை முக்கியமானதாகக் கருதும் எல்லைத் தொகையின்) இரண்டு மடங்குக்கும் மேல். மோட்டார் புகார்களைப் பார்த்தால் செலவு கூடவே வாய்ப்பு உள்ளது. போனஸ் இலாபத்தைச் சார்ந்திருப்பதால் இயக்குநர்கள் வேண்டுமென்றே குறைத்து மதிப்பிட்டிருக்கவும் கூடும். எனவே ஐஏஎஸ் 37இன்படி ஒதுக்கீடு குறைவாகவும் இலாபம் கூடுதலாகவும் காட்டப்பட்டிருக்கும் அபாயம் உயர்ந்தது.’ உங்கள் பதினோரு வரியைவிட இது குறுகியது. ஐஏஎஸ் 37 ஒரே ஒரு முறை, பெயரளவில்தான் வருகிறது. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் கேள்வித்தாளில் உள்ள ஏதோ ஒரு விவரத்தைத் தொட்டு, அதிலிருந்து ஒரு முடிவை எடுக்கிறது. மதிப்பெண் அந்த முடிவுகளுக்குத்தான். போனஸ் பற்றிய வாக்கியம் சந்தேகப் பார்வைக்கான தொழில்முறை மதிப்பெண்ணுக்கும் வழி செய்கிறது. வேறு பக்கத்தில் கிடந்த செய்தியைக் கொண்டுவந்து இங்கே சேர்த்ததே அதற்குக் காரணம்.

மெட்டீரியாலிட்டி பற்றி ஒரு சொல். வரிக்கு முந்தைய இலாபத்தில் 5 முதல் 10 விழுக்காடு, வருவாயில் அரை முதல் 1 விழுக்காடு, மொத்தச் சொத்தில் 1 முதல் 2 விழுக்காடு என்ற அளவுகோல்களில் எது இந்தக் கம்பெனிக்குப் பொருந்தும் என்பதைக் காரணத்தோடு ஒருமுறை முடிவு செய்து, அந்தத் தொகையை எல்லா அபாயங்களுக்கும் பயன்படுத்துங்கள். நீங்கள் ஒவ்வொரு பத்தியிலும் மூன்று விழுக்காட்டையும் புதிதாகக் கணக்கிட்டிருக்கிறீர்கள். எட்டுப் பத்திகளில் அது பத்து நிமிடமாவது ஆகியிருக்கும்.

அடுத்த உட்கேள்வி, கணக்காய்வு நடவடிக்கைகளை எழுதச் சொல்கிறது. அங்கே உங்கள் சிக்கல் தலைகீழானது. மிகச் சுருக்கமாக எழுதுகிறீர்கள். ‘வாரண்டி ஒதுக்கீட்டைச் சரிபார்க்க வேண்டும்’, ‘நிர்வாகத்திடம் விசாரிக்க வேண்டும்’ என்று ஒன்பது வரி இருக்கின்றன. அலுவலக வொர்க்கிங் பேப்பரில் சென்ற ஆண்டுக் கோப்பு பக்கத்திலேயே இருக்கும், மேனேஜருக்கும் விஷயம் தெரியும் என்பதால், இப்படி எழுதினாலும் வேலை நடந்துவிடும். தேர்வில் திருத்துபவரிடம் அந்தக் கோப்பு கிடையாது. எந்த ஆவணம், அதை வைத்து என்ன செய்வது, எதைக் கண்டறிய என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும்: ‘ஆண்டு முடிந்த பிறகு வந்த பழுதுபார்ப்புப் பணிச்சீட்டுகளை எடுத்து, புதிய மோட்டாருக்காக ஆன உண்மைச் செலவை ஒதுக்கீட்டில் கணக்கிட்ட செலவோடு ஒப்பிட்டு, மதிப்பீடு போதுமானதா என்று பார்க்க வேண்டும்.’ இப்படி ஐந்து எழுதினால், நீங்கள் எழுதிய ஒன்பதைவிட மதிப்பெண் கூடுதலாகவே வரும். பகலெல்லாம் கணக்காய்வு செய்கிறவர்கள்தான் இந்தப் பகுதியில் அதிகம் இழக்கிறார்கள் என்பதை வகுப்பு எடுத்த ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன். கைக்குப் பழகியதை வாயால் சொல்லத் தேவையில்லை என்று மனம் நினைத்துவிடுகிறது.

‘பி’ பிரிவில் கணக்காய்வு அறிக்கை பற்றிய பகுதியிலும் ஒரு விரயம் தெரிகிறது. ஆண்டு முடிந்தபின் திவாலான ஒரு வாடிக்கையாளர் 1.8 மில்லியன் வெள்ளி பாக்கி வைத்திருக்க, அதைத் தள்ளுபடி செய்ய இயக்குநர்கள் மறுக்கிறார்கள். நீங்கள் கணக்காய்வாளர் தரக்கூடிய எல்லா வகைக் கருத்துரைகளையும் வரிசையாக விளக்கிவிட்டு, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். தேர்ந்தெடுத்த ஒன்றுக்கு மட்டுமே மதிப்பெண். ஆண்டு முடிவின்போதே பாக்கி மோசமாக இருந்ததற்கு இந்தத் திவால் சான்று என்பதால், ஆண்டு முடிந்தபின் நடப்பவை பற்றிய தரநிலையான ஐஏஎஸ் 10இன்படி கணக்கைத் திருத்த வேண்டும். தொகை இலாபத்தில் 18 விழுக்காடு என்பதால் முக்கியமானது. பிழை ஒரே கணக்குத் தலைப்போடு நிற்பதால் நிதியறிக்கை முழுவதும் பரவியதல்ல. ஆகவே ‘இது நீங்கலாக’ என்ற குறைகூறும் கருத்துரை. நான்கு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

கடிகாரத்துக்கு வருகிறேன். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், பேனாவால் எழுதிய காலத்தில், குழுமக் கணக்குக் கேள்வி ஒன்றில் எனக்கு ஐந்தொகையின் இரு பக்கமும் பொருந்தவில்லை. அந்த வித்தியாசத்தைத் தேடி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கண்டுபிடித்தும் விட்டேன். ஆனால் 20 மதிப்பெண்ணுக்கான கட்டுரைக் கேள்விக்கு இரண்டு வரிதான் எழுத முடிந்தது. 48 வாங்கித் தோற்றேன். தேடிக் கண்டுபிடித்த அந்த வித்தியாசத்துக்கு ஒன்றிரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் இருந்திருக்காது. எந்தக் கேள்வியிலும் முதல் பாதி மதிப்பெண் எளிதில் வரும், கடைசிச் சில மதிப்பெண்கள் மிகவும் கடினமாக வரும் என்பதை அன்று நான் புரிந்துகொள்ளவில்லை. 20 மதிப்பெண் கேள்வியில் 14ஐ 16 ஆக்கச் செலவழிக்கும் நேரத்தில், தொடாத கேள்வியில் சுழியிலிருந்து எட்டுக்கு வந்துவிடலாம். நீங்கள் தேறாமல் போனது மூன்றே மதிப்பெண்ணில்.

திரையில் நேரம் இறங்குமுகமாக ஓடும். தொடங்கிய உடனே திரையில் இருக்கும் குறிப்புப் பலகையில் 147, 98 என்ற இரண்டு எண்களை எழுதிவையுங்கள். உங்களைப் பொறுத்தவரை ‘பி’ பிரிவிலிருந்து தொடங்குவதே நல்லது என்று நினைக்கிறேன். வேறு ஆசிரியர்கள், மனம் தெளிவாக இருக்கும்போது பெரிய கேள்வியை முடித்துவிட வேண்டும் என்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு எல்லை மீறும் பழக்கம் பெரிய கேள்வியில்தான் இருக்கிறது. சிறிய இரண்டையும் முடித்துவிட்டு வந்தால், அது எவ்வளவு நீண்டாலும் மணி அடிக்கும்போது நின்றுதான் ஆக வேண்டும். மிச்ச நேரம் 147 ஆனதும் முதல் கேள்வியையும், 98 ஆனதும் இரண்டாவது கேள்வியையும், வாக்கியத்தின் நடுவே இருந்தாலும் சரி, விட்டுவிட்டு நகருங்கள். எழுதாமல் விட்ட குறிப்புகளைத் தலைப்பாக மட்டும் போட்டுவிட்டுப் போகலாம். நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம்.

ஒவ்வொரு கேள்வியிலும் முதலில் உட்கேள்விகளைப் படியுங்கள், விவரப் பக்கங்களை அப்புறம் படியுங்கள். இன்னின்னதைச் சேர்க்க வேண்டாம் என்று உட்கேள்வியிலேயே எழுதியிருந்தால், அதைச் சொல்லாகவே குறிப்பில் போட்டுக்கொள்ளுங்கள். உட்கேள்வி ஒவ்வொன்றையும் தலைப்பாக விடைப் பக்கத்தில் தட்டச்சு செய்தபின்தான் விவரத்துக்குப் போக வேண்டும். படிக்கும்போதே எந்த விவரம் எந்தத் தலைப்பின்கீழ் விழும் என்று ஓரிரு சொல்லில் போட்டுக்கொண்டே வாருங்கள். பெரிய கேள்வியின் 97 நிமிடத்தில் 25 நிமிடம் இதற்கே போனாலும் பயப்பட வேண்டாம்.

மாதிரி விடைகளை மனப்பாடம் செய்யாதீர்கள். ஏசிசிஏ வெளியிடும் விடைகள் கற்பிப்பதற்காக எழுதப்பட்டவை. தேர்வறையில் ஒருவரால் எழுதக்கூடிய அளவைவிட நீளமானவை. அவற்றை அளவாகக் கொண்டால் உங்கள் பழைய நோய் இன்னும் முற்றும். அதைவிடத் தேர்வாளர் அறிக்கைகளைப் படியுங்கள். எதற்கு மதிப்பெண் கொடுக்க முடியவில்லை என்பதைத் தேர்வாளரே சொல்லும் இடம் அது.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் விடையில் எனக்குப் புரியாத வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஒரு பத்திக்கு ஒரு கருத்து, ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை என்று எழுதினால் போதும். உண்மையில் நீங்கள் சிரமப்பட்டு நீட்டிய வாக்கியங்கள் எல்லாம் ஐஏஎஸ் விளக்கங்களில்தான் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டால் மொழிச் சிரமமும் குறைந்துவிடும்.

ஜூன் வேண்டாம், செப்டம்பரில் எழுதுங்கள் என்பது என் உறுதியான கருத்து. டிசம்பர் 31இல் ஆண்டு முடியும் தனியார் கம்பெனிகளுக்கு 6 மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம், 7 மாதத்துக்குள் கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவிடம் ஆண்டு விவரத் தாக்கல் என்பது இங்குள்ள சட்டம். சிறிய நிறுவனத்தில் மே, ஜூன் மாதங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேல்நிலைத் தாள்கள் அனைத்தையும் முதல் தாளைத் தேறியதிலிருந்து 7 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். உங்களுக்கு 2030 வரை இருக்கிறது. மூன்று மாதம் தள்ளிப்போவதால் எதுவும் கெட்டுவிடாது. பதிவை மட்டும் முன்கூட்டியே செய்துவிடுங்கள். தாமதித்தால் கட்டணம் கூடும்.

அதுவரை முழுத் தாள்கள் எழுத வேண்டாம். 12 மதிப்பெண் உட்கேள்வி ஒன்று, 29 நிமிடம், ஏசிசிஏயின் கணினிப் பயிற்சித் தளத்தில், வாரத்துக்கு நான்கு. மணி அடித்ததும் நிறுத்திவிட்டு, வெளியிட்ட விடையோடு ஒப்பிட்டு, மதிப்பெண் கிடைக்கக்கூடிய உங்கள் வரிகளை மட்டும் மஞ்சளாக்குங்கள். உங்கள் இப்போதைய விடையில் நான் அதைச் செய்து பார்த்தேன். மூன்றில் ஒரு பங்குதான் மஞ்சளானது. உட்லண்ட்ஸிலிருந்து பீஷான் வந்து வட்டப்பாதையில் பாய லேபார் போகும் அந்த ரயில் பயணத்தில் திட்டமிடும் பயிற்சி செய்யலாம்: ஒரு விவரத்தைக் கைப்பேசியில் படித்து, அபாயங்களைப் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எந்த எண்ணைப் பயன்படுத்துவீர்கள் என்று மட்டும் மனத்தில் முடிவு செய்யுங்கள். எழுத வேண்டாம். ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து, சனிக்கிழமைகளில் உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் உட்கார்ந்து, மூன்றேகால் மணி நேர முழுத் தாள் மூன்று எழுதினால் போதுமானது.

ஜூலை நடுவில், 29 நிமிடத்தில் நிறுத்திய விடை ஒன்றை, முடியாத வாக்கியத்தோடு அப்படியே, திருத்தாமல் எனக்கு அனுப்புங்கள். மஞ்சளாக்கித் திருப்பி அனுப்புகிறேன்.